ரோகிணிக்காரர் போட்ட பரங்கி விதை

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகை ஆபீசில் நான் எழுதுவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் அம்மா போன வாரம் போன் செய்தார். "ஐயா, மூணாம் பக்கத்துல நடுவுல இருக்கிறது எழுத்தா, இல்லை பூச்சி எதுவும் நசுங்கியிருக்குதா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். இரண்டும் இருக்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்னும் பிடிபடவில்லை. சந்தேகம் வந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டுவிடுகிறேன். அச்சில் பிழை இருந்தால் அது என்னுடையது. பிழை இல்லாவிட்டால் அந்த அம்மாவுடையது.

இந்த வாரத்துச் சங்கதியை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனிமேல் பத்திரிகையில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

டிராக்டர் மேல் ஒரு கூச்சக்காரன்

சித்திரை மாதம், வளர்பிறை, திங்கட்கிழமை. காலை ஆறரை மணி இருக்கும். உளுந்து எடுத்துவிட்டுச் சும்மா கிடந்த வயலில் முந்தின வாரம் பெய்த கோடை மழையின் ஈரம் இன்னும் இருந்தது. மண் வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து வந்தன.

வயலின் ஈசானிய மூலையில் கலியமூர்த்தி அண்ணனின் டிராக்டர் கிழக்கே பார்த்து நின்றது. முன்னால் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. சீட்டில் நான். என் கழுத்திலும் ஒரு மாலை. அண்ணன் வண்டியை முன்பே ஸ்டார்ட் செய்து, கியரையும் போட்டு, பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். கிளட்சிலிருந்து என் காலை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

வரப்பு முழுக்க ஊர். நேர் எதிரே, கையில் தாம்பாளத்தோடு என் மாமியார். தாம்பாளத்தில் எரிகிற கற்பூரம், வெல்லம் கலந்த காப்பரிசி, ஒரு பிடி விதைநெல். அவருக்கு எழுபத்தெட்டு வயது. நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எட்டு வருஷமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

வருஷத்தின் முதல் உழவை நாங்கள் நல்லேர் என்போம். அதை ஒரு நல்ல நட்சத்திரக்காரர் தொடங்கி வைத்தால் அந்த வருஷ வெள்ளாமை தப்பாது என்பது நம்பிக்கை. நான் ரோகிணி நட்சத்திரம் என்பதால் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

ஆனால் நான் ரோகிணி இல்லை. அது அந்த வயலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்து நாள் முந்திப் பிறந்தவன்

நான் பிறந்தது ஆயில்ய நட்சத்திரத்தில். ஆயில்யத்து மாப்பிள்ளை மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. ஆகாது என்றால் மனஸ்தாபம், முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது என்று எண்ண வேண்டாம். மாமியாரே இருக்க மாட்டார் என்று அர்த்தம்.

பெண்ணைப் பெற்றவர்கள், அதிலும் அம்மாக்கள்தான் என் ஜாதகத்தை முதலில் வாங்கிப் பார்ப்பார்கள். அதோடு சரி. பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருக்கிறதா என்கிற கட்டத்துக்கு நான் போனதே இல்லை. வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில் கூடத்தை நோக்கி வந்துகொண்டிருந்த பஜ்ஜித் தட்டு பாதி வழியில் நின்று, அப்படியே சமையலறைக்குத் திரும்பிப் போனது. பஜ்ஜி வாசனை மட்டும் எங்களிடம் வந்து சேர்ந்தது.

ஐந்தாவது வீடும் கைவிட்டுப் போனபிறகு என் அம்மா மன்னார்குடிக்குப் போனார். குளத்தங்கரைப் பக்கம் ஒரு ஜோசியர். அவர் கட்டங்களைப் பார்த்துவிட்டு, இந்தப் பையன் ஐந்து நாள் முந்திப் பிறந்திருந்தால் ரோகிணி ஆகியிருப்பான், எந்த வில்லங்கமும் இருந்திருக்காது என்று வருத்தப்பட்டாராம்.

"அப்ப அஞ்சு நாள் முந்திப் பொறந்ததாவே எழுதுங்க. வலி எடுத்தது எனக்கு. தேதியும் நான் சொல்றதுதான்" என்றார் அம்மா.

ஜோசியர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெரிய வாத்தியார் எனக்கு இன்னொரு பிறந்த நாள் எழுதியிருந்தார். அதுதான் ஆதார் கார்டில் இருக்கிறது. ஆக எனக்கு மூன்று பிறந்த நாள். மூன்றையும் கொண்டாடியதில்லை. எதைக் கொண்டாடுவது என்று முடிவு செய்ய முடியவில்லை.

ரோகிணி ஆனபிறகு மூன்றே மாதத்தில் கல்யாணம் கூடியது. பெண் பெயர் செல்வி. பத்துக்கு எட்டுப் பொருத்தம். அந்த எட்டும் யாருக்கு யாரோடு பொருந்தின என்பது எனக்குத் தெரியாது.

யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் நான் திறந்திருக்க மாட்டேன். வாயைத் திறப்பது எனக்கு எப்போதுமே சிரமம். துணிக்கடையில் முதலில் எடுத்துப் போடுகிற சட்டையைத்தான் வாங்குவேன். இன்னொன்று காட்டுங்கள் என்று கேட்டதில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று குரல் கொடுக்க வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கும்போது இறங்கி நடந்து வந்திருக்கிறேன். இப்படிப்பட்டவனிடம் ஒரு ரகசியம் பத்திரமாக இருக்கும்.

தும்மல் வந்தால் கூட

பத்திரமாக இருந்ததே தவிர, நிம்மதியாக இருக்கவில்லை. கல்யாணமான புதிதில் அத்தை வீட்டுக்குப் போனால், அவர் ஒரு தும்மல் போட்டால் கூட எனக்குச் சோறு இறங்காது.

மாமனார் காலமானபிறகு அவர் எங்களோடு வந்துவிட்டார். அன்றிலிருந்து என் வேலை இரண்டு மடங்கானது. வீட்டில் உரக்கடை கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்குகிறது. காலையில் தாளைக் கிழித்ததும் இரண்டு ராசிக்குப் பலன் பார்ப்பேன். ஊருக்குத் தெரிந்த ராசி ரிஷபம். எனக்குத் தெரிந்த ராசி கடகம். கடகத்துக்குச் சந்திராஷ்டமம் என்று போட்டிருந்தால் அன்று முழுக்க வீட்டில் இருக்க மாட்டேன். இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவேன். என்னால் அத்தைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது.

மாதம் ஒரு தடவை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் பிரஷர் பார்த்து வருவது நான்தான். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதும் நான்தான். பரண் மேல் ஏறாதீர்கள் என்றால் கேட்க மாட்டார். ஏணியின் கீழே நின்று பிடித்துக்கொள்வேன். கொல்லையில் பாசி வழுக்குகிற இடத்தில் செங்கல் பதித்தேன். செல்விக்கே இது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் இத்தனை தடவை நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லையாம்.

அத்தையோ எதிர்வீடு, பக்கத்து வீடு, ரேஷன் கடை வரிசை என்று ஒரு இடம் விடாமல், தன் மாப்பிள்ளையைப் போல ஒருத்தர் ஜில்லாவிலேயே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொலை செய்ய வந்தவனைக் காவல்காரன் என்று புகழ்வது போல இருக்கும்.

கைராசி வந்த கதை

அத்தை எதையும் நாள் பார்த்துத்தான் நடுவார். மேலே வளர்கிற செடி கொடிக்கு மேல்நோக்கு நாள். மண்ணுக்குள் இறங்குகிற கிழங்குக்குக் கீழ்நோக்கு நாள். உழவுக்கும் வரப்பு வெட்டவும் சமநோக்கு நாள். அன்றைய நட்சத்திரத்தை வைத்து இது காலண்டரிலேயே போட்டிருக்கும். கூடவே, காய்க்கிறதெல்லாம் வளர்பிறையில், கிழங்கெல்லாம் தேய்பிறையில். விதையைக்கூட கிழித்த காலண்டர் தாளில்தான் மடித்து வைப்பார். எந்த நாளில் எடுத்த விதை என்று பொட்டலமே சொல்லிவிடும்.

அவர் வந்த முதல் சித்திரையில் பரங்கிக்குக் குழி எடுத்து, மக்கின சாணியும் சாம்பலும் போட்டு வைத்தார். மேல்நோக்கு நாளில் என்னைக் கூப்பிட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து ஐந்து விதையை ஊன்றச் சொன்னார். ரோகிணி சந்திரனுக்குப் பிடித்த நட்சத்திரமாம். பயிர் பச்சைக்கெல்லாம் சந்திரன்தான் அதிபதியாம். ரோகிணிக்காரர் கையால் போட்டால் கொடி நிற்காமல் ஓடுமாம்.

ஆயில்யக் கையால் ஊன்றினேன். எதுவும் முளைக்காது, அத்தைக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று பயம். அதனால் தினமும் விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றினேன். செவ்வண்டு வந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சாம்பல் தூவினேன். கொடி கூரை மேல் ஏறி, பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக்கும் போய் அங்கேயும் காய்த்தது. மூன்று மாதம் எங்கள் வீட்டில் பரங்கிக்காய் தவிர வேறு காய் சமைக்கவில்லை. பரங்கிக்காயைப் பார்த்தால் நாய் கூட எழுந்து போய்விடும்.

அத்தை இதை ஊர் முழுக்கச் சொன்னார். அடுத்த வருஷம் ஆளாளுக்கு வந்து நின்றார்கள். எங்கள் சுரைக்கு வாங்க, எங்கள் புடலைக்கு வாங்க என்றார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. சித்திரையில் மேல்நோக்கு நாள் வந்தால், கத்திரி வெயில் ஏறுவதற்கு முன்னால், காலை ஐந்தரையிலிருந்து வீடு வீடாகப் போய் விதை போடுவேன். வீட்டுக்கு ஒரு காபி. ஏழாவது வீட்டில் நெஞ்சு படபடக்கும். அது காபியாலா குற்ற உணர்ச்சியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போட்டுவிட்டு வந்தால் போதுமா? அங்கே முளைக்காவிட்டால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடுமே. அதனால் மாலையில் மாடு தேடுவது போல வேலி ஓரமாகப் போய், எட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றாத வீட்டில் ஊற்றிவிட்டு வருவேன். இந்த வகையில் ஏழு வருஷமாக ஊரில் முக்கால்வாசிப் பந்தலுக்கு நான் சம்பளமில்லாத தோட்டக்காரன். எல்லாம் நன்றாகக் காய்த்தது. எனக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வந்தது.

வளர்பிறையில் போட்டால் முளைப்பு நன்றாக இருக்குமா என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. எலி வராத நாளில் போட்டால் நன்றாக இருக்கும். அதைத்தான் எந்தக் காலண்டரிலும் போடுவதில்லை.

ஊர்க் குழுவில் என் கல்யாண போட்டோ

பரங்கியோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. பரங்கி பொய்த்தால் குழம்பில் காய் இருக்காது, அவ்வளவுதான். நெல் அப்படி இல்லை.

போன தை மாதம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்தது. எல்லோருக்கும் மனசு விட்டுப்போயிருந்தது. கலியமூர்த்தி அண்ணன் ஊரில் கொஞ்சம் பெரிய விவசாயி. டிராக்டர் வைத்திருப்பவர். பஞ்சாங்கமும் வைத்திருப்பவர். சித்திரை பிறந்ததும் எல்லோரையும் கூட்டி, இத்தனை வருஷமாக ஆளுக்கொரு பக்கம் நினைத்த நாளில் ரோட்டாவேட்டரை மாட்டி உழுததால்தான் இப்படி ஆகிறது, இந்தத் தடவை ஊராகச் சேர்ந்து முறைப்படி நல்லேர் ஓட்டுவோம் என்றார்.

நாள் குறித்தார். அஸ்த நட்சத்திரம், சமநோக்கு நாள், ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் மூன்று சுற்று. யார் ஓட்டுவது என்கிற பேச்சு வந்தபோது கூட்டத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். நான் எனக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். சுவர் இருந்தது.

இடுப்பு வலி என்றேன். "மாடு கட்டியா ஓட்டப்போற? சீட்டுல குஷன் இருக்குடா தம்பி" என்றார் அண்ணன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. பேச்சு வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் பல காரியங்கள் இப்படித்தான் முடிவாகியிருக்கின்றன.

அன்று மாலையே ஊர் வாட்ஸப் குழுவில் அறிவிப்பு வந்தது. ரோகிணி நட்சத்திரக்காரர், கைராசிக்காரர், திரு. கோவிந்தராசு அவர்கள் நல்லேர் தொடங்கி வைப்பார். கீழே என் போட்டோ. என்னிடம் வேறு போட்டோ இல்லாததால் கல்யாண ஆல்பத்திலிருந்து செல்வி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின நான், தலை நிறைய முடியோடு, பயந்துபோய் நின்றேன். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் நம்ம ஊர்க்காரர்கள் கை கூப்பிய படம் அனுப்பினார்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே யோசனை. சொல்லாமல் ஓட்டி, வருகிற தையிலும் மழை பிடித்தால்? நூறு குடும்பத்துச் சோறு. அது என் பொய்யால்தான் என்று நானே நம்பிவிடுவேன். சரி, சொல்லிவிடலாம் என்றால் அத்தை இருக்கிறார். பிரஷர்காரர். தன்னைக் கொண்டுபோகிற நட்சத்திரத்தோடு எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம் என்று தெரிந்தால், அந்த அதிர்ச்சியிலேயே ஏதாவது ஆகிவிடும். அப்படி ஆனால் ஆயில்யம் சொன்னதைச் செய்துவிட்டது என்று ஆகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளமாக இருந்தது.

நல்லேர் அன்று காலை தாளைக் கிழித்துப் பார்த்தேன். ரிஷபத்துக்குப் புகழ் என்று போட்டிருந்தது. கடகத்துக்குப் பயம்.

எஞ்சினை நிறுத்தினார்கள்

இப்போது டிராக்டருக்கு வருகிறேன்.

அத்தை கற்பூரத்தைக் காட்டி முடித்தார். விதைநெல்லை எடுத்து வயலில் மூன்று தடவை வீசினார். "போலாம்" என்று அண்ணன் என் தோளைத் தட்டினார். நான் காலை எடுக்கவில்லை. அந்த விதைநெல் அத்தையின் கையில் இருந்து விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி வாய் திறந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் ஆயில்யம் என்று சொன்னேன்.

எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு என்ன நிம்மதி தெரியுமா? சொல்லியும் ஆகிவிட்டது, யாருக்கும் தெரியவும் இல்லை. கடவுளே வழி காட்டினார் என்று நினைத்துக் காலைத் தளர்த்தப் போனேன்.

அதற்குள் அண்ணன் கையை நீட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார். "என்னமோ சொன்னியே, என்னடா?"

வயலில் ஒரு சத்தம் இல்லை. தூரத்தில் ஒரு கொக்கு எழுந்து போனது தெரிந்தது. ஊர் முழுக்க என் வாயைப் பார்த்தது. ஒரு தடவை சொல்வதற்கே இருபத்தாறு வருஷம் பிடித்த விஷயம். இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நான் ரோகிணி இல்லண்ணே. ஆயில்யம். எங்கம்மா மாத்தி எழுதிட்டாங்க."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். ஆயில்யம் என்றால் யாருக்கு ஆகாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செல்வி ஓடிப்போய் அவர் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கினாள். நான் டிராக்டரிலிருந்து குதித்தேன். மாலை ஸ்டியரிங்கில் மாட்டி அறுந்தது. எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் போவது என்றுதான் என் மனம் ஓடியது.

அத்தை விழவில்லை. நெஞ்சைப் பிடிக்கவும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணம் ஆன நாளா நீங்க ஆயில்யமா?"

"ஆமாங்க அத்தை."

"இருபத்தாறு வருஷமா?"

"ஆமாங்க."

"இருபத்தாறு வருஷத்துல உங்களால என்னை ஒண்ணும் பண்ண முடியலையே மாப்ள."

வரப்பில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கலியமூர்த்தி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மணியைப் பார்த்தார். ராகுகாலம் வருவதற்குள் வேறு ஒரு ரோகிணிக்காரர் வேண்டும் என்று கூட்டத்தைக் கேட்டார். ஒருவர் தன் மச்சான் ரோகிணிதான், ஆனால் குவைத்தில் இருக்கிறார் என்றார். வீடியோ காலில் ஓட்டச் சொல்லலாமா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அண்ணன் முறைத்தார்.

அத்தைதான் முடிவு சொன்னார். "ஆயில்யம் கீழ்நோக்கு நட்சத்திரம்தானே கலியமூர்த்தி? கலப்பைக் கொழு எங்க போவுது? மண்ணுக்குக் கீழதான் போவுது. இவரே ஓட்டட்டும். நல்லா ஆழமா எறங்கும்."

அண்ணன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். இப்படி ஒரு கணக்கு அதில் இல்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் அதில் எதுவும் இல்லை. மணி ஏழு பத்து. "ஏறுடா" என்றார்.

ஏறினேன். மூன்று சுற்று ஓட்டினேன். இரண்டாம் சுற்றில் வரப்பில் ஒரு சக்கரம் ஏறியது. அது பயத்தால். மற்றபடி குறை சொல்ல முடியாது.

அர்ச்சனை யாருக்குப் போனது

வீட்டுக்கு வந்ததும் செல்வி இட்லி வைத்தாள், சட்னி வைக்கவில்லை. நான் ஆயில்யமாக இருப்பதில் அவளுக்குக் கோபம் இல்லை. ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் தனக்குச் சொல்லவில்லையே என்பதில் கோபம். அது நியாயம்தான். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

மத்தியானம் அவளே ஆரம்பித்தாள். "நான் வெள்ளிக்கிழமை தவறாம கோயில்ல உங்க பேருக்கு ரோகிணி ரோகிணின்னு அர்ச்சனை பண்ணேனே. அதெல்லாம் யாருக்குப் போச்சு?"

யோசித்துப் பார்த்தால் அது பெரிய கேள்வி. எங்கேயோ ஒரு கோவிந்தராசு, ரோகிணி நட்சத்திரம், ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறார். ஏன் இப்படி நன்றாக இருக்கிறோம் என்று அவருக்கே புரியாது. அவர் இந்தத் தொடரைப் படித்தால் செல்விக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

அத்தை அன்று முழுக்க வழக்கம்போல இருந்தார். சாப்பிட்டார், மாத்திரை போட்டார், தூங்கினார். ஆனால் மாத்திரையை அவரே எடுத்துக்கொண்டார். என்னைக் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். எனக்கு என்னமோ போல இருந்தது. மாத்திரை நேரம் வந்தால் கை சும்மா இருக்க மறுத்தது.

விசாகத்தில் சேனை

நாலாவது நாள் வியாழக்கிழமை. பௌர்ணமி முடிந்து தேய்பிறை தொடங்கியிருந்தது. விசாகம், கீழ்நோக்கு நாள். காலையில் கொல்லையிலிருந்து குரல் வந்தது.

"மாப்ள, மம்பட்டியை எடுத்துக்கிட்டு வாங்க."

போனேன். அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாணிக் கரைசலில் நனைத்த சேனைக்கிழங்குத் துண்டுகள். இத்தனை வருஷமும் சேனை பக்கத்தில் என்னை அண்ட விட்டதில்லை. ரோகிணிக்காரர் கை பட்டால் தண்டு மட்டும் வளரும், கிழங்கு இறங்காது என்பார். இப்போது அந்தத் தடை போய்விட்டது. இனிமேல் கிழங்கு வகை எல்லாம் என் கையால்தான் என்று அறிவித்தார். எதிர்வீட்டிலும் சொல்லியாகிவிட்டதாம். அவர்கள் கருணைக்கிழங்கு வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களாம்.

குழி எடுத்தேன். அவர் துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தார். மூன்று குழி முடிந்தது. சாணி வாசனையும் காய்ந்த இலை வாசனையுமாக இருந்தது. வெயில் முதுகில் ஏறத் தொடங்கியது.

"ஒண்ணு கேக்கணும் மாப்ள."

"கேளுங்க அத்தை."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஏணியைப் புடிச்சீங்க. நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவ்வளவும் பயத்துலதானா?"

ஊருக்கு முன்னால் சொன்னது கூட இத்தனை கஷ்டமாக இல்லை. குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மொதல்ல பயத்துலதான் அத்தை."

"அப்பறம்?"

கையில் இருந்த மண்ணை உதிர்த்தேன். எந்த வருஷத்திலிருந்து என்று நினைத்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

"அப்பறம் பயப்பட மறந்துபோச்சு. வேலை மட்டும் கையில தங்கிப்போச்சு."

அவர் தன் கால் விரல்களைப் பார்த்தார். பிறகு முந்தானையில் முடிந்திருந்த இரண்டு மாத்திரை அட்டையையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை நீங்களே வச்சுக்குங்க. எனக்குக் காலைல எது, சாயங்காலம் எதுன்னு தெரியல. மூணு நாளா மாத்தி மாத்திப் போட்டுட்டேன்."

நான் மண் கையோடு அவற்றை வாங்கினேன்.

எழுதி முடித்த நாள்: வைகாசி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.